உடல் பேசக் கூடாது

கோடைக்கானலில் ஏரியைத் தாண்டி, பேரி மரங்கள் நிற்கும் சரிவு ஒன்றில் 'ஆட்சிமுறை மற்றும் மனித மாண்பு உயர் பயிற்சி மையம்' இருந்தது. கீழே வெயிலில் செய்ததை மேலே குளிரில் உட்கார்ந்து யோசிப்பதற்காக அதை ஏற்படுத்தியிருந்தார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, ஜெயில், வருவாய்த் துறை என்று பல இடங்களிலிருந்தும் அதிகாரிகள் புது ஸ்வெட்டரோடு வருவார்கள். ஒரு வாரம் தங்கி மனித உயிரின் மதிப்பை அறிந்துகொண்டு, தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

மேல்மலையில் இருக்கும் போளூர் கிராமத்துச் சிவமுருகன் அந்த மையத்துக்குக் காரட்டும் பீன்ஸும் போடுகிறவன். அன்றைக்கு அவன் சமையலறை வாசலில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது, மையத்தின் இயக்குநர் முனைவர் ஜேசன் அங்கே வந்து நின்று அவன் முகத்தையே பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"புஷ்பமேரி, இவர் யாரு?"

"காரட்டுக்காரர் சார்" என்றாள் சமையல்காரப் புஷ்பமேரி.

"இந்த முகத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு நிரந்தரத் தன்மை இருக்கு பாரு. எந்த நூற்றாண்டுலயும் சந்தேகப்படலாம்." அவர் சிவமுருகன் பக்கம் திரும்பினார். "இந்த வாரம் எங்க பயிற்சியில கைதியா நடிக்கணும். வசனம் கிடையாது. அடி விழாது, விழற மாதிரிதான் இருக்கும். வர்றீங்களா?"

"எனக்குச் சோலி கெடக்குங்க சார்" என்று சிவமுருகன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மனிதர் குடையை ஊன்றி இறங்கினார். சிவமுருகன் மூட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"அவர் யாருங்க சார்?"

"டாக்டர் இருதயசாமி. கீழே அரசு ஆஸ்பத்திரியில இருக்காரு. பயிற்சிக்கு வந்திருக்காரு."

"நான் வர்றேங்க" என்றான் சிவமுருகன்.

அந்தக் குடையை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு காட்டேஜில் செல்போன் காணாமல் போனதென்று அவன் தம்பி பழனிக்குமாரைப் போலீஸ் ஜீப்பில் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். சிவமுருகன் பஸ் பிடித்துப் பின்னாலேயே போனான். ஸ்டேஷன் வாசலில் மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாள் ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போகிறதென்று யாரோ சொல்ல, ஓடிப் போய்ச் சேர்ந்தான். நல்ல மழை. ஜீப்பின் பின்சீட்டில் தம்பி மடங்கி உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஒருவர் குடையோடு வந்து, ஜன்னல் வழியாக அவன் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு, "தொந்தரவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த போலீஸ்காரர், "ஒன்னும் இல்ல சார்" என்றார். உடம்பு நன்றாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜீப் திரும்பும்போது தம்பி அண்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வா என்றானா போ என்றானா என்பது இன்றைக்கு வரைக்கும் சிவமுருகனுக்குத் தெரியாது. அன்றைக்கே ஜெயிலில் அடைத்தார்கள். மறுநாள் விடிகாலையில் அங்கே பழனிக்குமார் மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். செல்போன் காட்டேஜ் மெத்தைக்கு அடியிலேயே இருந்தது. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கே நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பயிற்சியின் பெயர், 'ஆட்சிமுறைகளும் அறப் பொறுப்பும்'. முதல் நாள் ஜேசன் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"நாம இங்க யாரையும் குற்றம் சொல்ல வரலை. பொறுப்பைப் புரிஞ்சுக்க வந்திருக்கோம். பொறுப்பு வேற, குற்றம் வேற. பொறுப்பு ரொம்பப் பெரிய விஷயம். அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு தனி மனிதர் மேல ஏத்துறது மனித உரிமை மீறல்."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாரணி என்ற இளம் சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் சரியாகக் கேட்காததுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

முதலில் மன்னராட்சி. இன்ஸ்பெக்டர் ஞானவேல் விடுதிக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மன்னரானார். ஒரு ஜெயிலர் அட்டைக் கத்தியோடு நின்றார். சிவமுருகனின் கையைப் பின்னால் கட்டி மண்டி போட வைத்தார்கள். அடிகள் உடம்புக்கு ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும் என்பது விதி. தலையை வெட்டிய பிறகு கலந்துரையாடல் நடந்தது. மன்னர் கடவுளுக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. ஜேசன் பலகையில் எழுதினார்: 'கடவுளுக்குச் சம்மன் அனுப்ப வழியில்லை.'

அடுத்து வெள்ளைக்காரன் ஆட்சி. தாசில்தார் ஒருவர் ஏரிக்கரையில் வாங்கிய தொப்பியைப் போட்டுக் கலெக்டரானார். பொறுப்பு லண்டனில் இருந்தது. அதற்கும் அடுத்து புரட்சி அரசு. அதில் மட்டும் சிவமுருகனை மரியாதையாக நடத்தினார்கள். "தோழர், கையைக் கொஞ்சம் பின்னாடி குடுங்க" என்று கேட்டுத்தான் கட்டினார்கள். அங்கே பொறுப்பு வரலாற்றினுடையது என்று முடிவாகி, வரலாறு இன்னும் முடியவில்லை என்பதால் வழக்கை ஒத்தி வைத்தார்கள்.

சர்வாதிகாரத்தில் ஞானவேல் தளபதியானார். லத்தியை ஓங்கியவர் ஒரு சாணை மறந்துவிட்டார். சிவமுருகன் முதுகில் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"சாரி சார், பழக்க தோஷம்" என்றார் ஞானவேல்.

"பரவாயில்லை, அந்த ஆட்சியில அப்படித்தான்" என்றார் ஜேசன். பலகையில், 'தளபதி வெளிநாடு சென்றுவிட்டார்' என்று எழுதினார்.

சமையலறையில் புஷ்பமேரி அவன் முதுகில் தைலம் தேய்த்தாள். "எதுக்குய்யா இந்தப் பொழப்பு? வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

"எல்லா ஆட்சியிலயும் அவுகதான் சட்டையை மாத்துறாக. எனக்கு அதே கைலிதான்" என்றான் சிவமுருகன். "முடிச்சும் அதே முடிச்சுதான் போடுறாக அக்கா. ராசா போட்டதும் தோழர் போட்டதும் ஒன்னாத்தான் இருக்கு."

"அந்த டாக்டர்கிட்டப் பேசுனீங்களா?"

"தெனமும் வணக்கம் சொல்றேன். அவரும் சொல்றாரு. நல்ல மனுசன் மாதிரிதான் இருக்காரு." தம்பியைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தவர் கெட்டவராக இருப்பார் என்று நம்பித்தான் அவன் வந்திருந்தான். அவரோ காலையில் புஷ்பமேரியின் ரத்த அழுத்தத்தைப் பொறுமையாகப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக மக்களாட்சி வந்தது. கூடத்தில் ஒரு கலகலப்பு. சொந்த வீட்டுக்குத் திரும்பியது போல எல்லோரும் நாற்காலிகளைத் தாராளமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"மற்ற ஆட்சிகள்ல கைதி சாகிறான், அவ்வளவுதான்" என்றார் ஜேசன். "நம்ம ஆட்சியில உடல் முறையாகக் கையாளப்படுது. இதுதான் நாகரிகத்தோட வளர்ச்சி. அதனால இன்னைக்குக் கைதி நேரடியாகவே உடல். சிவமுருகன், படுத்துக்கங்க."

நடுக்கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவன் படுத்தான். டாக்டர் இருதயசாமி பயிற்சி முறைப்படி அவன் கையைத் தொட்டுப் பார்த்து, இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தலை வரைக்கும் வெள்ளைத் துணியால் மூடினார்கள். துணியில் பினாயில் வாடை அடித்தது. கதவைத் திறந்து வைத்திருந்ததால் மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. துணிக்குள்ளே அந்த ஈரம் தெரிந்தது. ஜெயிலில் தம்பியை இப்படித்தான் மூடியிருப்பார்கள் என்று நினைத்தான். மூடின பிறகும் அவனுக்குக் காது கேட்டிருக்குமோ என்று நினைத்தான். அதற்கப்புறம் அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

மேலே விவாதம் ஆரம்பித்தது.

"நான் கூட்டிட்டு வான்னுதான் சொன்னேன். அடின்னு சொல்லவே இல்லை" என்றார் ஞானவேல். "மேலிருந்து நெருக்கினாங்க. நெருக்கடி ஒரு ஆள் கிடையாதே?"

"எங்கிட்ட வந்தப்ப பேப்பர் சரியா இருந்தது" என்றார் மாஜிஸ்ட்ரேட்டாக நடித்த தாசில்தார். "பேப்பர் சரியா இருக்கும்போது ஆளைப் பார்க்கிறது பேப்பரை அவமதிக்கிற மாதிரி."

"வந்த நிலையில வாங்கினோம், வாங்கின நிலையில வெச்சிருந்தோம்" என்றார் ஜெயிலர்.

"இறந்தவரும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்" என்றார் ஞானவேல். "தகவல் குடுக்க வேண்டியது குடிமகனோட கடமை." ஜேசன் அதைப் பலகையில் எழுதிக்கொண்டார்.

அப்போது டாக்டர் இருதயசாமி எழுந்தார்.

"எனக்கே ஒரு அனுபவம் இருக்கு. சொந்த அனுபவம், நடிப்பு இல்லை. மழை நாள். ஒரு பையனை ஜீப்புல கொண்டாந்தாங்க. உள்ளே வார்டுல ஒரு பிரசவம். அவசரமா வந்து நாடி பார்த்தேன். அவன் ஜீப்புக்குப் பக்கத்துல நல்லா நின்னுக்கிட்டு இருந்தான். நிக்கிறவனை நல்லா இருக்கான்னுதானே எழுத முடியும்? மறுநாள் இறந்துட்டான். அந்த மன உளைச்சல்ல எனக்குச் சில மாசம் தூக்கமே இல்லை. மருத்துவரோட வலியை யாரும் பேசுறதில்லை."

சிலர் உச்சுக்கொட்டினார்கள்.

"அவன் நிக்கலைங்க டாக்டர்" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "உக்காந்திருந்தான். நிக்க முடியலை."

ஜேசன் குனிந்து, "சிவமுருகன், உடல் பேசக் கூடாது" என்றார்.

"மரண வாக்குமூலம் சாவுக்கு முன்னாடி குடுத்தாத்தான் செல்லும் சார்" என்றார் ஞானவேல்.

டாக்டர் பாய்க்குப் பக்கத்தில் வந்தார். "யாருப்பா நீ?"

"பழனிக்குமாரோட அண்ணன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து டீக்கு மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. "டீ ஆறிடும் டாக்டர்" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனார்.

டீ முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோதும் சிவமுருகன் துணிக்குள்ளேயே கிடந்தான்.

"எந்திரிங்க, உங்க பகுதி முடிஞ்சது" என்றார் ஜேசன்.

"இன்னும் முடியலைங்களே சார். யாருன்னு சொல்லலியே."

"யாரு?"

"கொன்னது."

"அது சிலபஸ்ல இல்லையே" என்றார் ஜேசன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பயிற்சிக்கு இடையூறு என்று கேஸ் போட்டுவிடலாம் என்றார் ஜெயிலர். ஞானவேல் யோசித்தார். "போடலாம். ஆனா டாக்டர் இறப்புச் சான்றிதழ் குடுத்திருக்காரே. இறந்தவர் மேல எப்படிப் போடுறது? உயிரோட இருக்கார்னு முதல்ல எழுதி வாங்கணும்."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "முழுசாப் பரிசோதிக்காம அப்படியெல்லாம் எழுத முடியாது. எனக்கும் பொறுப்பு இருக்கு" என்றார்.

அடுத்த வகுப்பு மன அழுத்தம் நீக்கும் யோகா. அதற்கும் அதே கூடம்தான். வேறு வழியில்லாமல் சிவமுருகனைச் சுற்றிப் பாய்களை விரித்தார்கள். யோகா டீச்சர் அவனை ஒரு மாணவன் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் மல்லாந்து படுங்க. இதுக்குப் பேரு சவாசனம். கையை விரிங்க. கண்ணை மூடுங்க. இப்ப நீங்க ஒரு பிணம். உங்களுக்குக் கவலை இல்லை, கடமை இல்லை. பாருங்க, அவர் எவ்வளவு அழகாச் செய்றாரு."

இன்ஸ்பெக்டரும் ஜெயிலரும் தாசில்தாரும் டாக்டரும் வரிசையாகப் பிணமானார்கள். மேகம் நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஞானவேல் சீக்கிரமே குறட்டை விட்டார்.

சிவமுருகனுக்குப் பக்கத்துப் பாயில் தாரணி படுத்திருந்தாள்.

"அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "உங்க தம்பிக்கு என்ன வயசு?"

"உங்க வயசு இருக்கும் மேடம். கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகலை."

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க ஸ்டேஷன்ல ஒரு பையனைக் கொண்டாந்தாங்க. பின்னாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சத்தம் ரோட்டுக்குக் கேட்டுச்சு. இன்ஸ்பெக்டர் வந்து, 'ஏம்மா, மோட்டாரைப் போடு'ன்னாரு. போட்டேன். தொட்டி அப்ப நிறைஞ்சுதான் இருந்துச்சு. வழிஞ்சு வாசல் முத்தமெல்லாம் தண்ணி. நான் வெளக்கமாத்தை எடுத்துத் தள்ளிக்கிட்டே இருந்தேன். மோட்டார் சத்தத்துல உள்ள அவன் கத்துறது கேட்கலை. தண்ணியைத் தள்ளுறதுதான் அப்ப பெரிய வேலையா இருந்துச்சு."

"அவன் இருக்கானா?"

"இருக்கான். ஒரு காலை இழுத்துக்கிட்டு நடக்கிறான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்."

யோகா டீச்சர் மணியை அடித்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள். "இப்ப மனசுல தோணுறதை ஒவ்வொருத்தரும் ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அமைதி" என்றார் தாசில்தார்.

"பேரமைதி" என்றார் ஜெயிலர்.

"லேசா இருக்கு" என்றார் டாக்டர்.

"மோட்டார்" என்றாள் தாரணி.

டீச்சர் சிரித்தாள். தாரணி எழுந்து நின்று, பாயில் சொன்ன அத்தனையையும் கூடத்துக்குச் சொன்னாள். ஸ்டேஷன் பேரையும் பையன் பேரையும் சொன்னாள். "என்னை யாரும் அடிக்கச் சொல்லலை. நான் அடிக்கலை. மோட்டாரைத்தான் போட்டேன். ஆனா நான் போடலைன்னா ரோட்டுல போற ஒருத்தராவது உள்ள வந்து கேட்டிருப்பாங்க. அதனால அது நான்தான்."

மேகத்துக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கடைசியில் ஞானவேல்தான் கேட்டார்: "தொட்டி நிறைஞ்சிருக்கும்போது ஏம்மா போட்டே?"

சிவமுருகன் துணியை விலக்கி எழுந்தான். அதை மடித்துப் பாய்மேல் வைத்தான். தாரணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தான். டாக்டர் உட்கார்ந்திருந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சவாசனம் முடிந்து நேரமாகியிருந்தது.

"பார்த்தீங்களா, உடலே எழுந்துடுச்சு! இதுதான் நம்ம பயிற்சியோட வெற்றி" என்று ஜேசன் பின்னாலிருந்து சொல்வது கேட்டது.

மேலிடத்துக்குப் போன அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அடுத்த பயிற்சிக்கு வேறு முகம் தேடச் சொல்லி ஒரு குறிப்பும் இருந்தது. தாரணிக்குத் துறையிலிருந்து மெமோ வந்தது. தொட்டி நிரம்பியிருந்த நிலையில் மோட்டாரை இயக்கி அரசுத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீணடித்ததற்கு அவள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். புஷ்பமேரிதான் இதைக் காரட் வாங்கும்போது சிவமுருகனிடம் சொன்னாள். முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் போளூரில், தம்பி மனைவி மகாதேவி பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். பழனிக்குமார் போன பிறகும் அவள் சிவமுருகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். சிவமுருகன் அவளிடம் இதுவரை எதையும் சொல்லாதிருந்தான். இப்போது எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரைப் பார்த்ததை, செத்தவனாகப் படுத்ததை, அந்தப் பெண் எழுந்து நின்று சொன்னதை.

மகாதேவி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நம்ம ஆளு சாகும்போது அந்தப் பிள்ளை அங்க இருந்துச்சா மாமா?"

"இல்லம்மா. அது அப்ப படிச்சுக்கிட்டு இருந்திருக்கும்."

"அங்க இருந்தவரு?"

"அவரு டீ குடிக்கப் போயிட்டாரு."

பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. அவள் அதைக் கையால் அணைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"காலை இழுக்கிற அந்தப் பயகிட்ட போய்ச் சொல்லுச்சாமா?"

அதைக் கேட்க வேண்டும் என்றே சிவமுருகனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"ஒங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு? அங்க ஒக்காந்திருந்த அத்தனை பேருகிட்ட சொல்லி என்னத்துக்கு? அவன்கிட்டல்ல சொல்லணும்." அவள் மடியை உதறி எழுந்தாள். "தனியாப் போகப் பயந்திருக்கும். ஸ்டேஷன் பேரு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போவோம். நீங்க வேணாம்னா இருங்க, நான் போறேன். கீழே வத்தலக்குண்டுக்கு வெள்ளனே பஸ் இருக்குல்ல?"

"இருக்கு" என்றான் சிவமுருகன். "நானும் வர்றேன்."